வீக்கம் வடிந்தது, பயம் வடியவில்லை!

கதவு "டமார்" என்று சாத்திக்கொள்கிறது. அடுப்படியில் நிற்கும் பெண்ணின் கையிலிருந்து கரண்டி விழுகிறது. உடம்பு நடுங்குகிறது.

சாத்தியது காற்று! கணவன் இன்னும் வேலையிலிருந்தே திரும்பவில்லை.

அவன் கடைசியாக அடித்து மாதங்கள் ஆகிவிட்டன. கன்னத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. மனதில்?

அடிபடும் மனைவிகள் பலருக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. பிடித்தாலும் திடுக்கிட்டு விழிக்கிறார்கள். குழம்பில் உப்பு கூடியதற்கு அடி விழுந்தாலும், "தப்பு என் மேலதான்" என்கிறார்கள். அக்கம்பக்கத்தில் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். "திமிர் பிடிச்சவ" என்கிறது தெரு.

திமிர் அல்ல, மனக்காயம்! கணவனின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறக்குறைய 2 மடங்கு என்று 2013-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஏன் போகவில்லை?

"அவ்வளவு அடிச்சா ஏன் கூட இருக்கா? கிளம்பிப் போக வேண்டியதுதானே?" டீக்கடை பெஞ்சில் சுலபமாகக் கேட்டுவிடலாம்.

அமெரிக்க உளவியல் நிபுணர் லெனோர் வாக்கர் 1979-லேயே விளக்கினார். முதலில் புகைச்சல். அடுத்து அடி. பிறகு சமாதானம். நம் ஊரில் அது ஒரு முழம் மல்லிகைப்பூ, அல்வாப் பொட்டலம், "இனிமே கை நீட்ட மாட்டேன்" என்ற சத்தியம்!

அதை நம்பித் தங்குகிறாள். மறுபடி புகைச்சல், மறுபடி அடி. கடைசியில், "என்ன செஞ்சாலும் தப்ப முடியாது" என்று மனசு விட்டுப்போகிறது. கையில் காசில்லை, பிள்ளைகள் வேறு. எங்கே போவாள்?

வீட்டு விஷயமா?

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். இது ஒரு வீட்டு விஷயமா?

2006 முதல் அமலில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அடி மட்டும் வன்முறை அல்ல. வசைபாடி அவமானப்படுத்துவதும், செலவுக்குப் பணம் தராமல் வாட்டுவதும் வன்முறையே! விஷயம் தெரிந்த யாரும் பாதுகாப்பு அதிகாரியிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது நடவடிக்கை வராது. 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் உதவி உண்டு.

"புருஷன் பெண்டாட்டி சண்டை, நமக்கெதுக்கு வம்பு?" என்று ஜன்னலைச் சாத்துகிறவர்கள் யோசிக்கட்டும். அடுத்த வீட்டில் திருடன் புகுந்தால் இப்படிச் சாத்துவார்களா?

போன் செய்யத் தயக்கமா? கணவன் இல்லாத நேரம் பார்த்து அவளிடம் ஒரு வார்த்தை சொல்லலாம்: "தப்பு உன் மேல இல்லம்மா!"

அதை அவளிடம் இதுவரை யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள்.