ரத்தத்தை அளந்து பாருங்கள், தோழர்களே!

பிரசவ அறையில் இரவும் பகலும் நிற்கும் செவிலியர் தோழர்களே!

"பிள்ளை பெத்த உடம்பு, ரத்தம் போகத்தானே செய்யும்" என்ற பேச்சை இன்றோடு நம் வார்டிலிருந்து விரட்டுவோம். அந்தப் பேச்சில் கழிகிற பத்து நிமிடத்தில் ஒரு தாயை இழந்துவிடுவோம். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் பாய்கிறது. குழந்தையும் நஞ்சும் வெளியே வந்ததும் கர்ப்பப்பை இறுகி, அந்த ரத்தக் குழாய்களை நெரித்து அடைக்க வேண்டும். பெரும் ரத்தப்போக்கு கண்டவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு அது இறுகாமல் தளர்ந்து கிடப்பதே காரணம். இரட்டைப் பிள்ளை, நீண்டுபோன பிரசவ வலி, காலி செய்யாத மூத்திரப்பை எல்லாம் அதைத் தளர்த்தும். வயிற்றில் கை வையுங்கள். தொப்புளருகே கிரிக்கெட் பந்துபோல் கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உடனே தேய்த்துவிடுங்கள், குரல் கொடுத்து ஆள் சேருங்கள்.

கெட்டியாக இருந்தும் ரத்தம் நிற்கவில்லையா? கிழிசலைத் தேடுங்கள். நஞ்சை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு துண்டு குறைந்தால் அது உள்ளேதான் இருக்கிறது. ரத்தம் உறையாத கோளாறு அபூர்வம், ஆனாலும் மறந்துவிடாதீர்கள். ரத்தசோகை உள்ள தாய்க்கோ மற்றவர்கள் தாங்குகிற இழப்பே உயிரைக் குடிக்கும்.

கண்மதிப்பை நம்பாதீர்கள். துணியில் ஊறியதும் கட்டிலுக்கடியில் வழிந்ததும் கணக்கில் வருவதே இல்லை. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். தாய்க்கு அடியில் அளவுக்கோடு போட்ட பையை விரித்தார்கள். அளவு தாண்டியதும் தேய்த்துவிடுதல், ஆக்ஸிடோசின், டிரானெக்சாமிக் அமிலம், நாளம் வழியே ஏற்றும் திரவம், காரணம் தேடும் பரிசோதனை என அத்தனையையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் சேர்த்தே செய்தார்கள். கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் வரும் மரணம் மூன்றும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. அங்கேயும் நம்மைப் போன்ற செவிலியர்களும் மருத்துவச்சிகளும்தான் நின்றார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?

ஆகவே கேட்போம், உரத்துக் கேட்போம்! ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஓர் அளவுப் பை வேண்டும். மின்சாரம் போனாலும் ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் காக்கும் வசதி வேண்டும். இரவு டியூட்டியில் ஒற்றை ஆளை விடக் கூடாது. ஒரு கை வயிற்றில் இருக்கும்போது ஊசி போட இன்னொருவர் வேண்டாமா?

இன்றிரவு டியூட்டிக்குப் போகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஃபிரிட்ஜைத் திறந்து ஆக்ஸிடோசின் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அப்போதே எழுதிக் கொடுங்கள்.