வைரத்தின் ஸ்வரம்

மூக்குத்தியில் பதித்த வைரத்தைப் பார்த்தால் அசைவற்ற பொருள் என்றே நமக்குத் தோன்றும். உண்மை அதுவன்று. அதிலுள்ள கரியணுக்கள் இரண்டு அணிகளாகி, ஒன்றுக்கொன்று எதிராக வினாடிக்குச் சுமார் 40 லட்சம் கோடி முறை ஆடுகின்றன.

இவ்வாட்டத்தை அறிய இரு வழிகள் உண்டு. சிவப்புக்கு அப்பாலுள்ள, கண்ணுக்குப் புலனாகாத கதிர்களைச் செலுத்தி, எவை விழுங்கப்படுகின்றன என்று பார்ப்பது ஒன்று. கறியுப்பில் இது நன்கு பலிக்கும். அதன் அணுக்கள் நேர் மின்சாரமும் எதிர் மின்சாரமும் தாங்கி நிற்கின்றன. வைரத்திலோ எல்லாம் ஒரே கரி. மின்சார பேதமில்லாததால் மேற்சொன்ன ஆட்டம் அக்கதிருக்கு அகப்படாது. அங்கே கைகொடுப்பது, 1928-இல் கல்கத்தாவில் ஸர் ஸி. வி. ராமன் கண்ட ஒளிச்சிதறல். சிதறும் ஒளியில் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. மாறிய அளவே ஆட்டத்தின் ஸ்வரம். வைரத்துக்கு அது சென்டிமீட்டருக்கு 1332 அலைகள். கண்ணாடிக் கல்லில் இக்கோடு தோன்றாது.

மற்ற ஆட்டங்கள் எத்தகையவை? இதில்தான் வழக்கு. வீணையின் மெட்டுக்களைப்போல் குறிப்பிட்ட சில ஸ்வரங்களே உண்டென்றார் ராமன். கோட்டுவாத்தியத்தைப்போல் இடைவெளியற்ற நாதம் என்றார் மாக்ஸ் போர்ன். வித்வான் ஜீவஸ்வரத்தில் நின்று வாசிப்பதுபோல், சில இடங்களில் மட்டும் ஆட்டங்கள் நெருங்கிக் குவியும் என்பது அவர் கட்சி. இந்தப் போர்னை 1935-இல் பெங்களூருக்கு வரவழைத்தவரே ராமன்தான்!

1940-களில் பெங்களூரில் ஆர். எஸ். கிருஷ்ணன் (ராமனுக்கு 1928-இல் துணைநின்ற கே. எஸ். கிருஷ்ணன் வேறு) பாதரஸ தீபத்தின் ஊதாவுக்கு அப்பாலுள்ள ஒளியால் வைரத்தின் மங்கலான கோடுகளையும் தகட்டில் பிடித்தார். கூரிய கோடுகளைக் கண்டு ராமன் தம் கட்சி வென்றதென்றார். ஆனால் 1948-இல் போர்னின் மாணவி ஹெலன் ஸ்மித், தம் ஆசிரியரின் கொள்கையைக்கொண்டே கணக்கிட்டு, அக்கோடுகள் ஆட்டங்களின் குவியல்களே என்று காட்டினார். பிற்காலத்து நியூட்ரான் சோதனைகளும் போர்ன் பக்கமே சாட்சி சொல்லின.

நம்மவர் வென்றார் என்றெழுத நமக்கும் ஆசைதான். எழுதினால் பொய்யாகும். வழக்கைத் தீர்க்க உதவிய தகடு பெங்களூரில் எடுக்கப்பட்டது என்ற பெருமை நமக்குப் போதும். ராமனோ 1970-இல் மறையும்வரை தம் கொள்கையை விடவில்லை.