போலிக் கருவியும் பச்சை குத்தும் தொழிலும்

இலக்கணத்தில் போலி என்று ஒன்றுண்டு. அறம் என்னுமிடத்து அறன் என்றும், பந்தல் என்னுமிடத்துப் பந்தர் என்றும் வருவன போலி. எழுத்து மாறினும் பொருள் மாறாமையே அதன் இயல்பு. இதனைக் கற்பிக்குந்தோறும், உலக வழக்கிலுள்ள போலி இதற்கு நேர்மாறானது என்று மாணாக்கருக்குச் சொல்வது என் வழக்கம். கடைத்தெருப் போலியில் பெயர் மாறுவதில்லை. பெட்டியும் நிறமும் மாறுவதில்லை. மாறுவது பொருள் ஒன்றே.

இதனை இப்போது எழுத நேர்ந்தமைக்குக் காரணம் பச்சை குத்தும் தொழில். மன்னாரிலிருந்து பூநகரி செல்லும் வீதியிலுள்ள எங்கள் பாப்பாமோட்டையிலும் அயலூர்களிலும் இளைஞர் பலர் கையிலும் கழுத்திலும் பச்சை குத்தியிருக்கக் காண்கிறேன். முகஞ் சுளிப்பாரும் உளர். யான் அவருள் ஒருவனல்லேன். இது மேனாட்டாரிடம் நாம் கடன் கொண்ட வழக்கமன்று. தமிழகத்தில் குறத்தியர் ஊர்தோறும் சென்று இத்தொழில் செய்தமையை எட்கார் தேர்ஸ்டன் 1906 இல் வெளியிட்ட நூலில் குறித்துள்ளார். மஞ்சளும் அகத்தியிலையும் சேர்த்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, எழுந்த கரியைத் திரட்டி மையாக்கினர் என்பது அவர் தரும் செய்தி. ஆதலின், குத்தலாமா என்பதன்று இன்றைய வினா. எதனாற் குத்துவது என்பதே வினா.

என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர், காற்றுப் பெயர்ந்து கடற்றொழில் குறையும் மாதங்களில் இதனைச் செய்ய எண்ணிச் சுழற்பொறி ஒன்றை வாங்கி வந்து காட்டினார். ஜெர்மானிய நிறுவனம் ஒன்றின் பெயர் அதிற் பொறித்திருந்தது. “சேர், பேர் அதே பேர்தான், விலை பத்திலொரு பங்கு” என்று மகிழ்ந்தார். மின்னிணைப்புக் கொடுத்ததும் கருவி கையில் அதிர்ந்தது. தேசிக்காய்த் தோலில் ஊசி பட்டவுடன் ஓட்டம் தளர்ந்தது. அவர் மகிழ்ச்சியும் தளர்ந்தது.

இப்பொறியின் வரலாறு சுவையானது. எடிசன் 1876 இல் உரிமம் பெற்ற மின்பேனா, கடிதங்களைப் படியெடுக்கத் தாளில் நுண்டுளையிடும் கருவி. அதனைத் தழுவியே நியூயோர்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓரைலி 1891 இல் பச்சை குத்தும் பொறிக்கு உரிமம் பெற்றார். தழுவலும் போலியும் ஒன்றல்ல என்பதற்கு அவரே சான்று. பிறர் கருவியைக் கண்டு கற்றார். புதிய பயனுக்கு ஆக்கினார். தம் பெயரிலே வெளியிட்டார்.

சுழற்பொறியின் அமைப்பு எளிது. சிறிய மின்னோடி சுழல்கிறது. அதன் அச்சில் மையம் விலகிய சில்லொன்று உண்டு. அச்சில்லு சுழற்சியை மேலுங் கீழுமான அசைவாக மாற்றி ஊசியை இயக்குகிறது. ஊசி மேற்றோலைக் கடந்து ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில், உட்டோலில் மையைச் சேர்த்தல் வேண்டும். மேலே நின்றால் மை தோலோடு உதிர்ந்து போம்; ஆழ்ந்தால் பரந்து கலங்கும், தழும்பும் உண்டாம். நல்ல பொறி, தோல் எதிர்த்தாலும் ஓட்டம் தளராது. போலியிலோ மின்னோடிக்கு வலுவில்லை. சில்லு தளர்ந்து ஆடும். ஊசி நேராக இறங்காமற் பக்கவாட்டில் அலையும். ஒரே கோட்டுக்கு நான்கு முறை குத்த நேரும். புண்படுவது குத்துவோன் தோலன்று.

கோடு கோணுதல் சிறு தீங்கு. பெருந்தீங்கு குருதியில் உள்ளது. இக்காலப் பொறிகளில் ஊசி ஒரு சிறு கூட்டினுள் அமைந்து வருகிறது. நல்ல கூட்டினுள்ளே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அது குருதியும் மையும் பொறிக்குள் ஏறாமல் தடுக்கிறது. போலிக் கூடுகள் பலவற்றில் அச்சவ்வு இல்லை, இருப்பினும் கிழிந்துவிடும். அப்போது முன்னவன் குருதி பொறிக்குள் தங்கிப் பின்னவன் தோலை அடைய வழியுண்டு. ஈரலழற்சி ‘பி’ வைரசு, உலர்ந்த பரப்பிலும் ஏழு நாள்வரை தொற்றும் வலிமை இழப்பதில்லை. அதற்கான தடுப்பூசி நம் நாட்டின் தேசியத் திட்டத்திற் சேர்ந்தது 2003 இல். அதற்கு முன் பிறந்தோர் பலர் அதனைப் பெறாதிருக்கலாம். ‘சி’ வகைக்கோ தடுப்பூசியே இல்லை. ஊசியை மட்டும் மாற்றினேன் என்பது போதிய விடையாகாது. ஊசி பிடித்த இடமும் தூய்தாதல் வேண்டும்.

“ஏழைக்கு உயர்விலைக் கருவியை வாங்கச் சொல்வது எளிது, பணம் யார் கொடுப்பார்?” என்று கேட்பர். நியாயமான கேள்வி. மலிவு வேறு, போலி வேறு என்பதே என் விடை. தன் பெயரைத் தானே தாங்கி, தன் உறுப்புகளுக்கு உத்தரவாதமும் மாற்றுறுப்பும் தரும் எளிய கருவிகளும் சந்தையில் உள. அவற்றை வாங்குவது இழிவன்று. பிறர் பெயரைத் திருடி வந்த கருவியோ, தன் முதற் சொல்லிலேயே பொய் உரைக்கிறது. அதன் உள்ளுறுப்பு மட்டும் மெய் பேசும் என்று நம்புவது எங்ஙனம்? பழுதானால் முறையிட ஆளுமில்லை. ஆறு மாதத்தில் மூன்று போலி வாங்கியவன் ஈட்டியதென்ன? பணமும் இழந்தான்; தொழிலுக்குரிய நற்பெயரையும் இழந்தான்.

நம் கரையோர மக்களுக்கு இது புதிய பாடமன்று. சிலாபத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்பு நடந்த நாளில், முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளிலிட்டு அளவு பிரித்து, உருட்சியும் ஒளியும் நோக்கியே விலை மதித்தனர். இன்றும் படகு இயந்திரத்துக்குப் போலி உறுப்புப் பூட்டி நடுக்கடலுக்குச் செல்ல எந்தச் சம்மாட்டியும் ஒருப்படான். தன் உயிருக்கு வேண்டும் எச்சரிக்கையைப் பிறன் தோலுக்கு மறுப்பது அறமாகாது.

தொழில் தொடங்கும் இளைஞர்க்கு நான் சொல்வது இது. முதலில் கைதேர்ந்தவர் ஒருவரிடம் பயிலுங்கள். அவர் கருவியிலேயே கை பழகட்டும். இருவர் சேர்ந்து நல்ல பொறி ஒன்று வாங்கினும் குறைவில்லை. ஊசிக்கூட்டின் உறையில் தொகுதி எண்ணும், கிருமி நீக்கிய குறியும், முடிவுத் திகதியும் உளவா என்று நோக்குங்கள். மறுமுறை பயன்படும் உலோக உறுப்புகளைக் கழுவியபின், அழுத்த நீராவியில் 121 பாகை செல்சியசில் 15 நிமிடமேனும் வையுங்கள். குத்திக்கொள்ள வருவோரும் வாளாவிருத்தல் ஆகாது. உறையைத் தம் கண்முன் பிரிக்கச் சொல்ல அவர்க்கு உரிமையுண்டு. அவ்வாறு கேட்பதை அவமதிப்பாகக் கொள்ளும் தொழிலாளியிடம் கையை நீட்டாமல் எழுந்து வருவதே அறிவு.

தாளில் எழுதிய பிழையை அழிக்கலாம். ஏட்டுப் பிழையைப் பதிப்பாசிரியர் திருத்தலாம். தோலில் எழுதிய பிழையை ஒளிக்கதிரால் நீக்க முயல்வோர் பெருஞ்செலவும் நோவும் பல மாதமும் கொடுத்தே முயல வேண்டும். முற்றும் நீங்குமென்ற உறுதியுமில்லை. குருதியிற் கலந்த நோய் சிலவற்றை அவ்வாறும் அழித்தெடுத்தல் அரிது. எழுதுவோன் எழுதுகோலைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் ஒரு நாள், எழுதப்படுவோன் வாழ்நாளைக் காக்கும்.