அந்தப் பெட்டி ஆருடையது?



சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து என்ன புதையல் விளையாட்டு நடத்துகிறீர்கள், தாயம் உருட்டுகிறீர்களா என்று ஊரில் இரண்டு மூன்று பேர் எங்களிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கே எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

முதலில் தாயம். எங்களிடம் தாயக்கட்டை இல்லை. பகடை பற்றி ஹதீஸில் வந்திருப்பதும் உலமாக்கள் சொல்வதும் எங்களுக்குத் தெரியும். பந்தயமும் இல்லை, காசும் இல்லை. இருப்பது ஒரு பால்மா டின்னும் அதற்குள் 1 முதல் 10 வரை எழுதிய சீட்டுகளும்தான்.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பாழடைந்த கோட்டைக்குள்ளோ குகைக்குள்ளோ போய், அங்கே என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்’ இந்த வகைக்கு மூத்தது. அந்தப் பழைய விதிகளில் எங்களுக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பூதத்தை அடித்துக் கொன்றால் கிடைக்கும் புள்ளி கொஞ்சம். பத்திரமாக வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. அதனால் புத்தியுள்ள பிள்ளை சண்டையை விட்டுவிட்டுப் பின்வாசல் தேடும்.

என்ன புதையல் கிடைக்கும் என்பதை அட்டவணை தீர்மானிக்கும். டின்னிலிருந்து ஒரு சீட்டு எடுத்து, பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டு, இன்னொன்று எடுத்து இரண்டையும் கூட்ட வேண்டும். 11 வருவதற்கு நூற்றில் பத்து வாய்ப்பு. 2க்கும் 20க்கும் நூற்றில் ஒவ்வொன்றுதான். எடுத்த சீட்டைத் திரும்பப் போடாவிட்டால் அந்த இரண்டும் வரவே வராது. இதைத் தரம் 9 பிள்ளை ஒன்று தானாகவே கண்டுபிடித்தது. நிகழ்தகவைக் கரும்பலகையில் எழுதி ஒரு தவணை முழுக்கக் கத்தினாலும் அந்த முகத்தை நாங்கள் பார்த்திருக்க மாட்டோம்.

ஆனால் அந்தப் பழைய புத்தகங்களின் அட்டவணைகளை நாங்கள் அப்படியே எடுக்கவில்லை. செப்புக்காசு 2,000, மாணிக்கம் 3 என்று வரும். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக் கூட்டுவார்கள், அடுத்த அறைக்குப் போவார்கள். எங்கள் அபிப்பிராயத்தில், ஆரும் தொலைக்காத பொருள் புதையல் ஆகாது. அதை ஒருவர் வைத்திருந்தார், ஒளித்தார் அல்லது கடலில் விட்டார் என்ற கதை அதன் மேல் ஒட்டியிருக்க வேண்டும்.

அதற்கு வெளிநாட்டுப் பூதங்களைத் தேடிப் போகத் தேவையில்லை. யாழ்ப்பாண அரசர்கள் நந்தியும் ‘சேது’ என்ற எழுத்தும் பொறித்த காசு அடித்தார்கள். வெள்ளிக் கம்பியை மடக்கி அரபு எழுத்துக் குத்திய ‘லாரின்’ பாரசீகப் பக்கமிருந்து நம் துறைகளுக்கு வந்தது. தூண்டில் மாதிரி வளைந்திருக்கும், காசு என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அல்லைப்பிட்டியில் மண்ணுக்கடியில் சீனச் சட்டிபானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஆனைக்கோட்டையில் 1980இல் ஓர் ஈமக்குழியில் பிராமி எழுத்துள்ள முத்திரை கிடைத்தது. எங்கள் அட்டவணையில் 11க்கு ஒல்லாந்தர் செப்புக்காசு, 20க்கு வலம்புரிச் சங்கு.

பாரத்தையும் சேர்த்துக்கொண்டோம். 1961இல் தெற்கே கிரேட் பாசஸ் பாறைகளுக்கருகே மூழ்கிய கப்பலொன்றிலிருந்து வெள்ளி ரூபாய்கள் எடுத்தார்கள். ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளிகள் கண்டுபிடித்தது. ஔரங்கசீப் காலத்தில், ஹிஜ்ரி 1113இல் சூரத்தில் அடித்த காசு. சாக்கு உக்கிப் போய்விட்டது, உள்ளே இருந்த ஆயிரம் காசும் சாக்கின் வடிவிலேயே ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தது. ஒரு காசு ஏறத்தாழ 11.5 கிராம் என்றால் கட்டி எத்தனை கிலோ, அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? கணக்கைப் பிள்ளைகளே போட்டுக் கொண்டார்கள்.

பங்கு பிரிக்கும் விதியை நயினாதீவிலிருந்து எடுத்தோம். நாகபூசணி அம்மன் கோவிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, முதலாம் பராக்கிரமபாகு காலத்தது, 12ஆம் நூற்றாண்டு. ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்கச் சொல்கிறது. சரக்குக் கப்பல் உடைந்தால் பாதி அரசனின் பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. ஆனை, குதிரை கொண்டுவந்த கப்பல் உடைந்தால் பண்டாரம் எடுப்பது காற்பங்குதான், முக்காற்பங்கு உடையவனுக்கே. ஏன் இந்த வித்தியாசம் என்று பிள்ளைகள் அரைமணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். அரசனுக்கு ஆனையும் குதிரையும் வேணும், அந்த வியாபாரி மறுபடி வரவேணும், அவ்வளவுதான். கப்பல் உடைந்த பிறகும் அந்தச் சட்டத்தில் ‘உடையவன்’ ஒருத்தன் இருக்கிறான் என்பதைக் கவனியுங்கள்.

நம் மார்க்கத்திலும் இது உண்டு. பழங்காலப் புதையல் என்றால் ஐந்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். தொலைந்த பொருளைக் கண்டெடுத்தால் விதி வேறு: பையையும் அதைக் கட்டியிருந்த கயிற்றையும் அடையாளம் பார்த்து வைத்து, ஒரு வருடம் அறிவிக்க வேண்டும். மேலதிக மஸ்அலாக்களை மௌலவிமாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு இதிலிருந்து மூன்று டின் கிடைத்தது. ஒன்றில் பொருள், ஒன்றில் அது இருந்த உறை, ஒன்றில் கட்டு அல்லது அடையாளம். பனையோலைக் குட்டானில் சிவப்பு நூல் கட்டிய லாரின் என்று வந்தால், அந்த நூலைக் கட்டியது ஆர் என்று மேசையில் கதை தொடங்கிவிடும்.

இனி நாங்கள் உண்மையில் சொல்ல வந்தது. கதையில் ஒருநாள் கூரையில்லாத வீடொன்று வந்தது. சுவர் அலுமாரிக்குள் ஒரு பெட்டி. சீட்டெடுக்கக் கையை நீட்டிய பிள்ளை நின்றுவிட்டு, “சேர், இது ஆருடையது? அவங்க திரும்பி வருவாங்களா?” என்று கேட்டது. 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியாலத்தில் இந்த ஊரை விட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளை அது. உம்மம்மா விட்டுவிட்டு வந்த தையல் மெசினின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை.

அந்த வீட்டுச் சாமான்களையும் அட்டவணையில் போடுங்கள், அப்போதுதான் பிள்ளைகளுக்கு வரலாறு தெரியும் என்று எங்களுடன் கல்வியியற் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் சொன்னார். அதற்கு நாங்கள் உடன்படவில்லை. எண்ணூறு வருடத்துக்கு முந்திய குதிரை வியாபாரியின் சரக்கு 11க்கு விழலாம், 14க்கு விழலாம், அவருக்கு அதில் நோவில்லை. உயிரோடு இருக்கும் ஒரு மனுசியின் தையல் மெசினை டின்னில் போட்டுக் குலுக்க எங்களுக்கு உரிமையில்லை. அவவே தந்தால் அது வேறு விசயம். தந்த பொருளுக்கு விதியும் வேறு: கண்டெடுத்து வைத்துக்கொண்டால் ஒரு புள்ளியும் இல்லை, உடையவரைத் தேடிச் சேர்ப்பித்தால் முழுப் புள்ளி.

ஆகவே பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். அன்று விட்டுவிட்டுப் போன பொருளொன்றைப் பிள்ளைகளின் கதைக்குத் தர மனமிருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். பெயரோ வீட்டிலக்கமோ வேண்டாம். பொருள், அது இருந்த இடம், நீங்கள் மட்டும் அறிந்த ஒரு அடையாளம், கைபிடி உடைந்திருந்ததோ, மூடிக்கு வேறு நிறமோ, ஏதாவது ஒன்று போதும். மனமில்லாதவர்களிடம் நாங்கள் கேட்கவும் மாட்டோம். எழுத வராதவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நேரே வந்து பிள்ளைகளிடமே சொல்லலாம். தேத்தண்ணி இருக்கும்.