தலைக்கணக்கு

ஜனத்தொகை பெருத்தால் கலை பெருகும் என்ற கணக்கு நம்மிடையே வெகுநாளாகச் செல்லுபடியாகிவருகிறது. சென்னையிலேயே நவீன நாடகத்துக்கு ஐம்பது பேர் சேருவதில்லை, எங்கள் ஊரில் யார் வருவார்கள் என்று சிறுநகர எழுத்தாளர்கள் கேட்கிறார்கள். கேட்டுவிட்டுக் கவிதை எழுதப் போய்விடுகிறார்கள்.

கணக்கு முழுப் பொய்யில்லை. எண்பது வாத்தியக்காரர்களுக்கு மாதச் சம்பளம் தரவேண்டிய சிம்பொனிக் குழுவைச் சிற்றூர் தாங்காது. ஆனால் நம் நாடகத்துக்கு வேண்டியது ஐந்து நடிகர்களும் ஒரு கூடமும். சிம்பொனியின் நியாயத்தை நாம் ஏன் கடன் வாங்கவேண்டும்?

கர்நாடகத்தில், சாகர் பக்கம், ஹெக்கோடு ஒரு கிராமம். பாக்குத் தோட்டக்காரரான கே. வி. சுப்பண்ணாவும் நண்பர்களும் 1949இல் அங்கே 'நீநாசம்' தொடங்கினார்கள். 1980இல் நாடகப் பள்ளி வந்தது. 1985இல் 'திருகாட்டா' என்ற சுற்றுக்குழு புறப்பட்டது. ஷேக்ஸ்பியரும் பிரெக்டும் அதன் வழியாகக் கன்னடச் சிற்றூர்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எந்த ஜனத்தொகைக் கணக்கும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாநகரில் 46 லட்சம் பேர். மார்கழியில் சபாக்கள் நிரம்புவது இந்த 46 லட்சத்தால் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தலைமுறைகளாகச் சபாக்கள் வளர்த்தெடுத்த ஒரு வட்டம் அவற்றை நிரப்புகிறது. அவ்வட்டத்துக்கு வெளியே வசிக்கும் சென்னைவாசிக்குக் கச்சேரி பக்கத்துத் தெருவில் நடந்தாலும் தொலைவில்தான் நடக்கிறது. 1977இல் அதே சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி நவீன நாடகத்துக்கான பாடத்தைப் புரிசை என்ற கிராமத்தின் தெருக்கூத்திடமிருந்து பெற்றார். மாநகரம் தன்னிடம் இல்லாததைக் கிராமத்தில் கேட்டு வாங்கியது.

கிராமம் உத்தமம் என்று பஜனை பாட வரவில்லை. கூத்துக் களத்திலும் யார் எங்கே உட்காருவது என்று ஜாதி தீர்மானித்திருக்கிறது. அங்கேயும் பார்வையாளர் கூட்டம் மண்ணிலிருந்து முளைக்கவில்லை. கோயிலும் திருவிழாவும், ஆண்டு தவறாமல் ஆடிய குழுக்களும் அதை உண்டாக்கின. ஹெக்கோட்டில் அவ்வேலையைச் சில தனிமனிதர்கள் பிடிவாதமாகச் செய்தார்கள்.

பெருநகரம் தருவது வாடகைக்கு மண்டபம், தினசரியில் நாலு வரி, தற்செயலாக வந்து உட்காரும் சிலர். மறுமுறையும் வருகிற ரசிகனை அது தானாகத் தந்துவிடாது. அவனை உண்டாக்க ஒரே இடத்தில், வருஷக்கணக்காக, வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் நடிக்கத் துணிய வேண்டும்.

ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு ஊரைத் திட்டுகிறோம். ஊர் சிறியது என்பது நமக்கு ரொம்பவும் சௌகரியமாக இருக்கிறது.