மருந்துக் கடைக்கு எதுக்குங்க கோபுரம்?

பழைய கட்டடம்னு சொன்னா நமக்கு உடனே கோயில், கோட்டை, அரண்மனைதான் ஞாபகம் வரும். டூர் போனாலும் அங்கேதான் கூட்டிட்டுப் போவாங்க. கடைவீதிக்கும் வரலாறு உண்டுன்னு யாரும் சொல்றதில்லை. இது சரியில்லை என்பது என் கருத்து.

சென்னை அண்ணா சாலையில், ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு முக்கில் பாரத் பில்டிங் என்று ஒன்று இருக்கிறது. 1897-ல் டபிள்யூ.ஈ. ஸ்மித் என்ற மருந்துக் கம்பெனிக்காகக் கட்டியது. வடிவமைத்தவர் ஜே.எச். ஸ்டீபன்ஸ். கூம்புக் கோபுரம், வளைவு வளைவாகத் தாழ்வாரம் என்று சென்னை ஐகோர்ட் மாதிரியே இந்தோ சாரசெனிக் பாணி. மாத்திரையும் டானிக்கும் விற்க இவ்வளவு அழகு எதற்கு? ரோட்டில் போகிறவன் நின்று பார்க்கணும், அதுக்குத்தான்! அந்தக் காலத்து விளம்பரம் அது.

1934-ல் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது. 1956-ல் ஆயுள் காப்பீடு அரசுடைமை ஆனதும் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. 2006-ல் எல்.ஐ.சி. இடிக்கவே ஆரம்பித்துவிட்டது. இன்டாக் என்ற அமைப்பு ஐகோர்ட்டுக்குப் போய்த் தடுத்தது. 2010-ல் கட்டடத்தைக் காப்பாற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. கோர்ட்டில் கைகொடுத்தது நீதிபதி பத்மநாபன் கமிட்டியின் பட்டியல். ஆனால் அந்தக் கமிட்டி போட்டது விளம்பர போர்டு வழக்குக்காக! எந்தெந்தக் கட்டடத்தை மறைத்து போர்டு வைக்கக்கூடாது என்று பார்த்து எழுதிய லிஸ்ட், கட்டடத்தின் உயிரையே காப்பாற்றியது. லிஸ்டில் பேர் இல்லாத கட்டடம் எத்தனை போச்சோ?

நம்ம உடுமலைக் கடைவீதிக்கு அப்படி லிஸ்ட் இருக்கிறதா? ஓட்டுக்கூரை, மரத்தூண், நம்பர் போட்ட பலகைக் கதவு, மேலே குடியிருப்பு என்று இருக்கிற பழைய கடைகளைத்தான் சொல்கிறேன். ஒரு கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "மழை வந்தா ஒழுகுது கண்ணு, ஓடு மாத்த நீயா காசு தருவே?" என்றார். நியாயமான கேள்விதான். அழகு ஊருக்கு, செலவு மட்டும் அவருக்கா? பழைய முகப்பை இடிக்காமல் வைத்திருப்பவர்களுக்கு நகராட்சி சொத்துவரியைக் குறைக்கட்டும். தீர்ப்பு மட்டும் போதாது. பாரத் பில்டிங்கே தீர்ப்புக்கு அப்புறமும் பல வருஷம் பாழடைந்துதான் கிடந்தது.

வரியைக் குறைப்பது நம் கையில் இல்லை. லிஸ்ட் எழுதுவது நம் கையில்தான் இருக்கிறது. கடைப் பெயர், கட்டிய வருஷம், முன்னாடி என்ன வியாபாரம் நடந்தது, இந்த மூணும் போதும். முகப்பிலேயே வருஷம் பொறித்த கட்டடமும் இருக்கும், அண்ணாந்து பாருங்க. எழுதியதை வரலாறு சாரிடம் கொடுத்தால் அடுத்த இதழில் இதே சுவரில் ஒட்டலாம்.