கழுத்துத் தசை அசைந்தால் பேச்சு!
கருவியைப் பிடிக்கக் கை வேண்டாம்

சேத்தியாத்தோப்பு–

தொண்டைப் புற்றுநோய் முற்றினால் குரல்வளையையே எடுத்துவிடுகிறார்கள். உயிர் தப்பும், பேச்சு போய்விடும். கழுத்து ஓட்டை வழியாகத்தான் மூச்சு.

இவர்களுக்கு டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி உண்டு. தாடைக்குக் கீழே வைத்து பட்டனை அழுத்தினால் "கிர்ர்" என்று அதிரும். வாயசைத்தால் பேச்சு வரும். ஏற்ற இறக்கம் இல்லாத மெஷின் குரல்தான். ஒரு கை அதுக்கே போயிடும். இங்கே சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர், லாரி ஓட்டுகிறவர் என்ன செய்வார்?

அமெரிக்காவில் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் இதற்கு வழி கண்டு 2004–ல் வெளியிட்டார்கள். பேச நினைத்துக் கழுத்துத் தசையை இறுக்கினால் லேசான மின்சாரம் கிளம்பும். தோலில் ஒட்டிய தகடு அதைப் பிடித்து கருவியை ஓட விடும், நிறுத்தும். கைக்கு வேலையே இல்லை!

பெங்களூர் டாக்டர் விஷால் ராவ் சுமார் 50 ரூபாயில் செய்த 'ஓம்' குரல் வால்வு வேறு ரகம். வெளிநாட்டு வால்வு பல ஆயிரம் ரூபாய்; அதையும் அடிக்கடி மாத்தணும். விலையில் 'ஓம்' பெரிய சாதனைதான். ஆனா இந்த வால்வு வைத்தவர்களும் சாதாரணமாக ஓட்டையை விரலால் அடைச்சுத்தான் பேசணும். கை பிரச்சினை தீரலை.

தசைக் கருவிக்கு இன்னொரு சிக்கல். ஆபரேஷன் மேஜையிலேயே அந்தத் தசையையும் நரம்பையும் காப்பாற்ற முடிந்தால் நல்லது. நோய் பரவியிருந்தால் அது முடியாமல் போகலாம். கத்தி வைக்கும் முன்பே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.